இந்த வருடம் சேர்ந்த காசுகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் தோட்டக் குடும்பங்களின் பிஸ்கட் டின்னுக்குள் என்ன இருக்கும் என்று சொல்லவே முடியாது. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட மலாயா இருபது காசு நாணயங்கள் இந்த வருடம் எனக்கு அப்படித்தான் கிடைத்தன. 1939இல் அடித்ததில் முக்கால் பங்கு வெள்ளி. போர் நடந்த 1943இல் பாதிதான். 1948இல் செம்பும் நிக்கலும் மட்டும். மூன்றையும் வரிசையாக வைத்தால், அந்தக் காலத்தில் பால்வெட்டியவர்கள் பட்ட பாடுதான் எனக்குத் தெரிகிறது. ஜப்பான்காரன் காலத்து வாழைமரப் படம் போட்ட நோட்டு ஒன்றும் வந்தது.

அப்புறம், தயவுசெய்து பழைய காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளக்கும், ஆனால் மதிப்பு போய்விடும். சதுரமான ஒரு காசு நாணயமோ, 1967இல் வந்த நாடாளுமன்றக் கட்டடக் காசோ, அப்படியே என்னிடம் காட்டுங்கள். எந்தத் தோட்டம், யார் வைத்திருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.