கிறிஸ்துமஸும் அறுபத்தேழாம் நம்பரும்

விளையாட்டுப் பெட்டியின் மேல் ‘8 வயது முதல்’ என்று போட்டிருக்கும். எந்த வயது வரை என்று யாரும் போடுவதில்லை. எங்கள் வீட்டுக்குத் தேவை அந்தத் தகவல்தான். கிறிஸ்துமஸ் அன்று ராயபுரம் வீட்டில் கூடுகிற கூட்டத்தில் யூகேஜி பையனும் உண்டு, எண்பதைத் தாண்டிய ஆயாவும் உண்டு. முந்தின ராத்திரி ராயப்பர் கோயிலில் பூசை பார்த்துவிட்டு வந்த அரைத் தூக்கம். மதியம் மட்டன் பிரியாணி வேறு. டிவியைப் போட்டால் ஆளுக்கொரு சேனல் கேட்பார்கள். சும்மா விட்டால் பழைய கதையை எடுப்பார்கள். அதனால் ஏதாவது ஒரு ஆட்டம் கட்டாயம் வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கிற வேலை வருஷா வருஷம் என் தலையில்தான்.

வடசென்னையில் இருந்துகொண்டு கேரம் போர்டை எடுக்காமல் என்ன யோசனை என்று கேட்பீர்கள். மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன், 1996-இல் அர்ஜுனா விருது வாங்கியவர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அள்ளிய காசிமா நம்ம வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெண். சிக்கலே அங்கேதான். இந்தப் பக்கத்துச் சித்தப்பா ஒவ்வொருவரும், ஹார்பரில் நைட் ஷிஃப்ட் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் தானும் ஸ்டேட் ஆடியிருப்போம் என்று நம்புகிறவர். நான்கு பேர் உட்கார்ந்தால் மற்றவர்கள் சுற்றி நின்று, “கட் அடி”, “ரீபவுண்டு எடு”, “ரெட்டுக்கு ஃபாலோ இருக்கா பாரு” என்பார்கள். ஸ்ட்ரைக்கரை வைப்பதற்குள் ஆடுகிறவனுக்குக் கை நடுங்கிவிடும். பவுடர் எல்லாம் புதுத் துணியில். கேரம் ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்படும்.

ஊர்களை வாங்கி வாடகை வசூலிக்கிற பிசினஸ் ஆட்டத்துக்கு எங்கள் வீட்டில் நிரந்தரத் தடை. அதற்கு மூத்த ஆட்டமான மோனோபொலிக்கே முன்னோடி ஒன்று உண்டு. லிஸி மேகி என்ற பெண்மணி, நிலத்தை வளைத்துப் போடுவது எவ்வளவு கெடுதல் என்று மக்களுக்குப் புரியவைக்க ஒரு ஆட்டத்தை உருவாக்கி, 1904-இல் காப்புரிமை வாங்கினார். எங்கள் குடும்பத்துக்கு அதைப் புரியவைக்க அட்டையும் பகடையும் தேவையில்லை. தாத்தா வீட்டு மாடிப் போர்ஷன் யாருக்கு என்பதே இன்னும் முடியவில்லை. ஒருமுறை பம்பாயை வாங்கிய பெரியப்பா வாடகை கேட்க, “முதல்ல கீழ் போர்ஷன் வாடகையில எங்க பங்கைக் கொடுங்க” என்று அத்தை ஆரம்பித்ததோடு சரி. அந்தப் பெட்டி பரணில் இருக்கிறது.

பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி போன கிறிஸ்துமஸுக்குக் கட்டான் வாங்கி வந்தான். 1995-இல் ஜெர்மனியில் வந்த ஆட்டம். நல்ல ஆட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியில் மூன்று அல்லது நான்கு பேர் என்று இருந்தது. வீட்டில் செருப்பு விட வாசலில் இடமில்லை. அறுகோண அட்டைகளைப் பரப்பி அவன் விளக்க ஆரம்பித்தான். செங்கல் வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் ஆட்டு அட்டையைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றதும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஒரு ஆட்டுக்கு எத்தனை செங்கல்?”

“அது நீங்க பேசிக்கிறதுதான் சித்தப்பா.”

“காலையில மட்டன் என்ன விலைக்கு வாங்கினேன்னு தெரியுமா? ஒரு செங்கல்லுக்கு ஆட்டைத் தர்றவன் மனுஷனாடா?”

பகடையில் ஏழு விழுந்தால் திருடன் வருவான், ஏழு அட்டைக்கு மேல் வைத்திருப்பவர் பாதியைத் தொலைக்க வேண்டும் என்று அவன் சொல்லி முடித்தபோது, கேட்டுக்கொண்டிருந்தது சித்தப்பா மட்டும்தான். அவரும் பேரத்தை விட்டபாடில்லை.

சரி, சீட்டுக்கட்டு? வாயைத் திறக்க முடியாது. தாத்தாவின் ஹார்பர் சம்பளம் எந்த மாதம், எந்தச் சந்தில், எத்தனை கை மூணு சீட்டில் போனது என்று ஆயாவிடம் முழுக் கணக்கு இருக்கிறது. “ஆண்டவர் பொறந்த நாளும் அதுவுமா சீட்டா?” என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். யூனோ என்ற கலர் அட்டை ஆட்டத்தை உள்ளே கொண்டுவர நான் பட்டபாடு! இதில் ராஜா இல்லை, ராணி இல்லை, இஸ்பேட் இல்லை, ஆகவே இது சீட்டே இல்லை என்று வாதாடினேன். நானே கண்டுபிடித்த வாதம் இல்லை. சீட்டுக்கட்டைப் பாவம் என்று ஒதுக்கிய அமெரிக்கக் குடும்பங்களுக்காக, 1906-லேயே ராஜா ராணி இல்லாமல் ‘ரூக்’ என்று ஒரு கட்டை விற்றிருக்கிறார்கள். அங்கேயும் ஆயாக்கள் இருந்திருக்கிறார்கள்.

யூனோ 1971-இல் ஒஹையோவில் ஒரு முடிதிருத்துநர் உருவாக்கியது. மகனோடு சீட்டு விதி பற்றி வந்த வாக்குவாதம்தான் ஆரம்பம் என்பார்கள். அந்த வாக்குவாதத்தை எங்கள் வீடு இன்றும் தொடர்ந்து நடத்துகிறது. அடுத்தவரை நாலு சீட்டு எடுக்க வைக்கிற பிளஸ் நாலு மேல் இன்னொரு பிளஸ் நாலு போடலாமா? போடக்கூடாது என்று 2019-இல் யூனோ கம்பெனியே சொல்லிவிட்டது. தம்பி அதை மொபைலில் எடுத்துக் காட்டினான். கையில் இரண்டு பிளஸ் நாலு வைத்திருந்த பெரியம்மா அதைப் பார்க்கவே இல்லை. “அந்தக் கம்பெனிக்காரன் இந்த வீட்டுல வந்து ஒரு நாளாவது பாத்திரம் தேய்ச்சிருக்கானா? போடுவேன்.” போட்டார். பெரியப்பா எட்டு சீட்டு எடுத்தார். இரவு வரை அவர் பெரியம்மாவிடம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

கடைசியில் ஹவுஸிதான், கூப்பிடுகிற எண்ணை டிக்கெட்டில் அடித்துக்கொண்டே போகிற ஆட்டம். சீட்டைப் பாவம் என்ற அதே ஆயா, பத்து ரூபாய் டிக்கெட் ஹவுஸிக்குச் சுருக்குப் பையோடு முதல் ஆளாக உட்காருவார். கேட்டால், “அது கோயில் திருவிழாவிலேயே நடத்துறாங்க” என்பார். சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை, தூங்கி எழுந்து பாதியில் சேரலாம், எத்தனை பேர் வந்தாலும் இடம் உண்டு. ஒரு டிக்கெட்டில் 15 எண். முறையாக அச்சடித்த ஆறு டிக்கெட் தாளில் 1 முதல் 90 வரை எல்லா எண்ணும் ஒரு தடவை வரும். ஆயா எப்போதும் முழுத் தாளாகத்தான் வாங்குவார். எந்த எண்ணைக் கூப்பிட்டாலும் அவரிடம் இருக்கும். ஜெயிக்கிறாரோ இல்லையோ, அடித்துக்கொண்டே இருக்கலாம்.

எண் கூப்பிடுவது ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ரிட்டயரான மாமா. பெரம்பூரில் ஆங்கிலோ இந்திய நண்பர்களோடு ஆடிப் பழகியவர். முன்பெல்லாம் 88 வந்தால் ‘டூ ஃபேட் லேடீஸ்’ என்று கூவுவார். அத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்த பார்வையில் அதை விட்டுவிட்டார். இப்போது எல்லாம் பின்கோடின் கடைசி இரண்டு இலக்கமும் பஸ் நம்பரும். 39 என்றால் ‘வியாசர்பாடி’, 81 ‘தண்டையார்பேட்டை’, 29 வந்தால் ‘பெரம்பூர்ல ஏறு, பெசன்ட் நகர்ல இறங்கு’. 13 வந்தால் கூப்பிடவே வேண்டாம், ‘நம்ம ஏரியா’ என்று வீடே கத்தும்.

போன தடவை ஆயா, ஒரு டிக்கெட் முழுக்க அடித்தாயிற்று, ஃபுல் ஹவுஸ் என்று கையைத் தூக்கினார். அத்தை சரிபார்த்தார். பதினாலு எண் சரி. 67 போர்டில் இல்லை. தப்பான ஃபுல் ஹவுஸுக்குச் சொல்கிற ‘போகி’யைப் பிள்ளைகள் கத்த, மாமா எண் காய்கள் இருந்த பையைக் கவிழ்த்துத் தேடினார். மிச்சக் காய்களிலும் 67 இல்லை. பழைய செட், எப்போது தொலைந்ததோ.

“அப்போ யாருமே அதை அடிச்சிருக்க முடியாது” என்றான் தம்பி.

ஆயா அவனை ஏற இறங்கப் பார்த்தார். “பையில இல்லைன்னா என்னடா அர்த்தம்? வெளியில எடுத்தாச்சுன்னு அர்த்தம். மாப்பிள்ளை கூப்பிட்டாரு, நான் என் காதால கேட்டேன்.”

எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். மாமா பையைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். “மாமியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

தம்பி எதையோ விளக்க வாயைத் திறந்தான். அவன் அம்மா கல்கல் பலகாரத் தட்டை அவன் மடியில் வைத்தாள். ஆயா பரிசுப் பணத்தை இரண்டு தடவை எண்ணி, அதிலிருந்தே அறுபது ரூபாயைப் பிரித்து நீட்டினார்.

“அடுத்த ஆட்டத்துக்கு முழுத் தாளு குடு. அறுபத்தேழு இருக்கிறதா பாத்துக் குடு.”