ஸ்டிக் ஏன் கத்துகிறது?

கையில் பிடிக்கிற மெட்டல் டிடெக்டரை எங்கள் வேலையில் ‘ஸ்டிக்’ என்றுதான் சொல்வோம். கோவையில் ஒரு மாலில் பெண்கள் வரிசையில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் நான். தேர்வு நாட்களில் ஏஜென்சி எங்களில் சிலரை எக்ஸாம் டூட்டிக்கும் அனுப்பும். வருகிறவர்களில் பாதிப் பேர் அதை மந்திரக்கோல் என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர், இவர்கள் சும்மா பேருக்கு ஆட்டுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். இரண்டாவது கட்சி சொல்வதில் நியாயம் உண்டு. நிறைய இடங்களில் பேருக்குத்தான் ஆட்டுகிறார்கள். பிடிக்கிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கருவியில் என்னென்ன செட்டிங் இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

எனக்குச் சொல்லித் தர ஒருவர் இருந்தார். 2005-ல் வந்த தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் சட்டப்படி, கார்டு வேலைக்கு வருகிற எல்லோருக்கும் பயிற்சி கட்டாயம். பல இடங்களில் அது கையெழுத்தோடு முடிந்துவிடும். எங்கள் பேட்சுக்கு வந்தவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தீயணைப்பான், வாக்கி டாக்கி, ரெஜிஸ்டர் எழுதுவது எல்லாம் மடமடவென்று ஓடின. ஸ்டிக்குக்கு மட்டும் ஒரு மதியம் முழுக்க எடுத்துக்கொண்டார்.

முதலில் அதை ஸ்டீல் மேஜைமேல் வைத்து ஆன் செய்தார். பச்சை விளக்கு எரிந்தது. கையில் எடுத்துத் தன் சாவிக்கொத்தைக் காட்டினார். சத்தமே இல்லை. ஒட்டிக் காட்டியபோதுதான் லேசாக முனகியது. ஆஃப் செய்துவிட்டு, கையை நீட்டி, அக்கம்பக்கம் எதுவும் இல்லாத இடத்தில் திரும்ப ஆன் செய்தார். இப்போது சாவி நாலு விரல் தள்ளி வரும்போதே அலறியது.

“ஏம்மா, மேஜை மேல வெச்சு ஆன் பண்ணினா இது என்ன நெனச்சுக்கும் தெரியுமா? உலகமே இரும்புதான்னு நெனச்சுக்கும். அதுக்கப்புறம் ஒரு சாவி அதுக்கு என்ன பெருசு?”

இன்றைக்கு வருகிற ஸ்டிக்குகளில் பெரும்பாலானவை ஆன் ஆகிற அந்த நொடியில் சுற்றுப்புறத்தைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்கின்றன. அந்த நொடியில் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அதற்குச் ‘சும்மா இருக்கிற நிலை’. எங்கள் மாலில் டோர் ஃப்ரேமுக்கு (ஆட்கள் நடந்து கடக்கிற, வாசல் மாதிரியான டிடெக்டர்) அருகே நின்று ஆன் செய்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேஜைதான் ஞாபகம் வரும். இரண்டு அடி தள்ளி வாருங்கள், மோதிரம் போட்ட கையால் ஸ்டிக்கின் தட்டையான பக்கத்தைப் பிடிக்காதீர்கள், அப்புறம் ஆன் செய்யுங்கள். அவ்வளவுதான்.

உள்ளே நடப்பதையும் சுருக்கமாகச் சொன்னார். தட்டையான பகுதிக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் வேகமாக மாறி மாறி மின்சாரம் ஓட, சுற்றிலும் ஒரு காந்தப்புலம் உருவாகிறது. எங்களிடம் இருக்கிற கேரெட் கம்பெனியின் சூப்பர் ஸ்கேனரில் இது நொடிக்குச் சுமார் 95 ஆயிரம் தடவை மாறுகிறது. அந்தப் புலத்துக்குள் உலோகம் வந்தால் உலோகத்துக்குள்ளேயே சின்னச் சின்ன மின்னோட்டங்கள் சுழலும். அவை சுருளின் புலத்தைக் கலைக்கும். கருவி அந்தக் கலைச்சலைத்தான் பார்க்கிறது. கத்தியா, கரண்டியா, தங்கமா, தகரமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பீங்கான் கத்தியும் பிளாஸ்டிக்கும் அதன் கண்ணில் படவே படாது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு அன்றாடம் வருகிற பல குழப்பங்கள் தானாகத் தெளிந்தன. மெல்லிய தங்கச் செயின் கழுத்தில் பளபளவென்று கிடக்கும், ஸ்டிக் கண்டுகொள்ளாது. கொக்கி இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு பீப். கால் விரலில் இருக்கிற மெட்டியோ ஊரைக் கூட்டும். முனை சேர்ந்த மெட்டி, வளையல், மோதிரம் எல்லாம் முழு வட்டம். மின்னோட்டம் தடையில்லாமல் வட்டமடிக்க இடம் கிடைக்கிறது. செயினில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி, ஒன்றையொன்று பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருக்கும். பிளேடும் அப்படித்தான். தட்டையாகப் படுத்திருந்தால் நன்றாகப் பிடிக்கும், விளிம்பு மட்டும் நம் பக்கம் திரும்பியிருந்தால் சமாளித்து ஒளிந்துகொள்ளும். அதனால்தான் முன்பக்கம் பார்த்தால் போதாது, பக்கவாட்டிலும் ஒரு தடவை இறக்க வேண்டும்.

சரி, செட்டிங்குக்கு வருகிறேன்.

வெளியே தெரிகிற சுவிட்சில் மூன்று நிலை. நடுவில் ஆஃப், ஒரு பக்கம் சத்தம், மறுபக்கம் அதிர்வு. சூப்பர்வைசர்களுக்குச் சத்தம்தான் பிடிக்கும், வேலை நடப்பது தூரத்திலிருந்தே கேட்கும் அல்லவா. எனக்கு அதிர்வுதான் பிடிக்கும். தீபாவளிக் கூட்டத்தில், மேலே ஸ்பீக்கரில் பாட்டு அலறும்போது, பீப் என் காதுக்கே எட்டாது, உள்ளங்கைக்கு எட்டும். இன்னொரு விஷயம், சத்தம் வந்தால் வரிசையில் நிற்கிற எல்லோரும் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்க்கிறார்கள். சேஃப்டி பின்னுக்காக ஒருத்தரை அப்படி நிற்க வைப்பானேன்? அதிர்வில் வைத்தால் மோட்டார் ஓடுவதால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அந்த ஒரு நஷ்டம்தான்.

அடுத்தது, பலருக்கும் இருப்பதே தெரியாத ஒன்று. கைப்பிடியில் ஒரு சின்னத் துளை, அதற்குள்ளே சின்ன ஸ்க்ரூ. சென்சிட்டிவிட்டியை, அதாவது எவ்வளவு சுலபமாகக் கத்த வேண்டும் என்பதை, கூட்டுவதும் குறைப்பதும் அதில்தான். மாடலுக்கு மாடல் இடம் மாறும். சிலவற்றில் வெளியிலேயே குமிழ் இருக்கும்.

இந்த ஸ்க்ரூவை வைத்துத்தான் எங்கள் பாயிண்டில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. யாரோ மேலிடத்திலிருந்து வருகிறார்கள் என்றால் உடனே “ஃபுல்லா வெச்சிருங்க” என்று உத்தரவு வரும். ஃபுல்லில் வைத்தால் என்ன ஆகும்? ஜீன்ஸ் பட்டன், ஜிப், செருப்புக்குள் இருக்கிற ஆணி, புடவைப் பின், ஹேர் பின், பிஸ்கட் பாக்கெட்டின் ஃபாயில் எல்லாமே கத்தும். எல்லோரிடமும் கத்தினால் நிற்கிற கார்டு என்ன செய்வாள்? முதல் அரை மணி நேரம் ஒவ்வொன்றையும் பார்ப்பாள். அப்புறம் பீப்பைக் கேட்டுக்கொண்டே “போங்க, போங்க” என்பாள். நிஜமாகவே ஒரு கத்தி வந்தால் அதற்கும் அதே “போங்க”தான். ரொம்பக் குறைத்து வைத்தால் பேனாக்கத்தி தப்பிவிடும். அந்த இடத்தில் எதைப் பிடித்தே ஆக வேண்டும் என்று முதலில் முடிவு செய்யணும், பிறகு அதற்கேற்ப ஸ்க்ரூவைத் திருப்பணும்.

கேரெட் கம்பெனிக்காரர்கள் தங்கள் கருவிக்குச் சொல்கிற கணக்கு இது: நடுத்தர அளவுத் துப்பாக்கியை 9 அங்குலத்தில் பிடிக்கும், சவரப் பிளேடை 3 அங்குலத்தில், ஊசி மாதிரிச் சின்னப் பொருளை 1 அங்குலத்தில். சந்தையில் அதே சாயலில் ஏகப்பட்ட ஸ்டிக் கிடைக்கிறது, அவற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதனால் நான் அட்டையில் இருப்பதை நம்புவதில்லை. மாலுக்கு ஒரு சின்ன மடக்குக் கத்தியைச் சோதனைப் பொருளாக வைத்துக்கொண்டேன். ஷிப்ட் தொடங்கும்போது அதைத் துணிக்கு உள்ளே வைத்து, இரண்டு அங்குலம் மேலே, நான் வழக்கமாக இறக்குகிற வேகத்தில் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். கத்தினால் சரி. கூட நிற்கிற அக்காவின் ஜீன்ஸ் பட்டனுக்கு அதே உயரத்தில் கத்தக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் கிடைக்கும். கால் சுற்று இப்படி, அரைக்கால் சுற்று அப்படி என்று திருப்பித்தான் அதைத் தேட வேண்டும். கிடைத்ததும் துளைமேல் டேப் ஒட்டிவிட்டேன்.

உயரமும் வேகமும் இந்தச் செட்டிங்கில் சேர்த்திதான். கத்தியை இரண்டு அங்குலத்தில் வைத்துச் சோதித்துவிட்டு, ஆள்மேல் அரையடி தள்ளி விசிறினால் சோதித்ததற்கு அர்த்தமே இல்லை.

மாலில் இன்னொரு தொல்லை தரை. முழங்காலுக்குக் கீழே போனாலே ஸ்டிக் கத்தத் தொடங்கும், செருப்பைக் கழற்றினாலும் நிற்காது. கான்கிரீட்டுக்குள் இருக்கிற முறுக்குக் கம்பிதான் காரணம். பேஸ்மென்ட் பார்க்கிங் பக்கம் தூண் ஓரத்தில் நின்றால் இடுப்பு உயரத்திலேயே இதே கதை. எங்கள் சூப்பர் ஸ்கேனரில் இதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்திப் பிடித்திருக்கிறவரை சென்சிட்டிவிட்டி இறங்கும், விட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். கால் பகுதி பார்க்கும்போது மட்டும் அழுத்துவேன். பட்டன் இல்லாத ஸ்டிக் என்றால் வருகிறவரை ஒரு மரப்பலகைமேல் நிற்கச் சொன்னால் போதும். நிற்கிற இடத்தை முன்கூட்டியே தேர்ந்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. தரையில் ஸ்டிக்கை ஓட்டிப் பார்த்தால் எங்கே அமைதியாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். பக்கத்து வரிசையில் இன்னொரு ஸ்டிக் ஓடினாலும் இரண்டும் ஒன்றையொன்று சீண்டிக்கொள்ளும், கொஞ்சம் தள்ளித்தான் நிற்க வேண்டும்.

எக்ஸாம் டூட்டி வேறு உலகம். அங்கே கத்தியைத் தேடவில்லை. காதுக்குள் போடுகிற பட்டாணி அளவு இயர்பீஸைத் தேடுகிறோம். அதற்குள் இருக்கிற பேட்டரி துளியூண்டு. அதனால் சென்சிட்டிவிட்டி கூடுதலாகத்தான் இருந்தாக வேண்டும். வாட்சில் போடுகிற மாதிரி ஒரு பட்டன் பேட்டரியைத்தான் அங்கே சோதனைப் பொருளாக வைப்பேன். நீட் மாதிரித் தேர்வுகளில் முழுக்கை வேண்டாம், ஷூ வேண்டாம், நகை வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தாலும் உள்ளாடைக் கொக்கிகள் கட்டாயம் கத்தும். 2022 ஜூலையில் கொல்லத்தில் நீட் எழுத வந்த மாணவிகளை இந்தக் கொக்கிகளுக்காகவே உள்ளாடையைக் கழற்ற வைத்தார்கள் என்று பெரிய பிரச்சினையானது. பாதிக்கப்பட்டவர்களுக்கு செப்டம்பர் 4-ல் மறுதேர்வும் நடந்தது. அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த பீப்பைத் தீர்க்க எதையும் கழற்ற வேண்டியதில்லை.

கத்தின இடத்தில் ஸ்டிக்கை நிறுத்தி, சத்தம் நிற்கிறவரை மெல்ல மேலே தூக்க வேண்டும். பிறகு அதே கோட்டில் இடமும் வலமுமாக நகர்த்தி இறக்கினால், முதலில் எங்கே கத்துகிறதோ அங்கேதான் பொருள். கொக்கி என்றால் நடு முதுகில், இரண்டு விரல் அகலத்துக்குள் சத்தம் முடிந்துவிடும். அந்த அகலத்தைத் தாண்டினால், அல்லது கொக்கி இருக்க வாய்ப்பில்லாத இடத்தில் கத்தினால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் மறைப்புக்குள்ளே, பெண் கார்டு, துணிக்கு மேலே, புறங்கையால். அவ்வளவு போதும்.

“அக்கா, ஹூக்குதாங்க்கா” என்று பயந்துபோய்ச் சொல்லும் பிள்ளைகள் உண்டு. “தெரியும் கண்ணு, திரும்பி நில்லு” என்று சொல்லிவிட்டு, முடிந்ததும் முதுகில் ஒரு தட்டு தட்டி அனுப்புவேன். காலை ஏழு மணியிலிருந்து வெயிலில் நின்று வருகிற பிள்ளைகள்.

செட்டிங் எதுவும் உதவாத சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்த ஒரு பெரியம்மா, “ஏனுங்க அம்மிணி, முட்டிக்குள்ள கம்பி வெச்சிருக்குதுங்க” என்று புடவையைக் கொஞ்சம் தூக்கித் தழும்பைக் காட்டினார். அங்கே ஸ்டிக்குக்கு வேலையில்லை, கையால்தான் பார்க்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் அதேதான். 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைத் தேட டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்துகொண்டு போனார். படுக்கையில் இருந்த எஃகுக் கம்பிகள் கருவியைக் குழப்பிவிட்டன. தலைமை மருத்துவரோ குண்டு வலப்பக்கம்தான் என்று அந்தப் பக்கத்தை மட்டும் தேடவிட்டார், குண்டு இருந்தது இடப்பக்கம். சக்கர நாற்காலியைச் சுற்றி ஸ்டிக்கை ஆட்டுகிற கார்டுகளிடம் இந்தக் கதையைச் சொல்வேன். சிரித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள்.

பேஸ்மேக்கர் இருப்பதாகச் சொல்கிறவர்களின் நெஞ்சுக்கு நேரே ஸ்டிக்கை நிறுத்தி வைக்கக் கூடாது. திரும்பத் திரும்ப ஓட்டவும் கூடாது. அவர்களிடம் அட்டை இருக்கும், பார்த்துவிட்டுக் கையால் சோதித்தால் முடிந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் “எக்ஸ்ரேங்களா?” என்று கேட்பார்கள். எக்ஸ்ரே இல்லை, வலு குறைந்த காந்தப்புலம் மட்டும்தான். அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் கையாலேயே பார்த்து அனுப்புவேன். இதில் வாக்குவாதம் செய்து என்ன ஆகப்போகிறது?

கடைசியாக பேட்டரி. பெரும்பாலான ஸ்டிக்குகளுக்கு 9 வோல்ட் செவ்வக பேட்டரி. நல்ல அல்கலைன் போட்டால் 60 மணி நேரம்வரை போகும் என்பது கேரெட் சொல்கிற கணக்கு. ஏஜென்சி அனுப்புகிற மலிவு பேட்டரி அதில் பாதிகூடத் தாக்குப்பிடிப்பதில்லை. இறங்கின பேட்டரியில் ஸ்டிக் ஒன்று காரணமில்லாமல் கத்தும், இல்லையென்றால் கத்தியையே காட்டினாலும் தூங்கும். உடனே யாராவது ஸ்க்ரூவைத் திருப்பப் போவார்கள், டேப் கிழியும். பேட்டரியை மாற்றிப் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூவைத் தொடணும் என்று ரெஜிஸ்டரின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நல்ல பேட்டரி கேட்டும் எழுதிப் போட்டாயிற்று. அது வருகிறவரை என் செலவில் ஒன்று கைப்பையில் இருக்கிறது, மூடியோடு. மூடி இல்லாமல் சாவிக்கொத்தோடு போட்டுவிடாதீர்கள். இரண்டு முனையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் சாவி பட்டு ஷார்ட் ஆகி, பை சுடத் தொடங்கும்.