பத்தி முன்னால் இருந்த கறுப்புப் புள்ளி

சூடான எண்ணெயைத் தள்ளும் பழைய பம்ப் ஒன்றுக்கு மாற்று வாங்கும் வேலை என்னிடம் வந்தது. பத்து மாதத்தில் மூன்று முறை சீல் (சுழலும் தண்டு வழியே எண்ணெய் கசியாமல் தடுக்கும் பாகம்) போயிருந்தது. ஒவ்வொரு முறையும் சீல் மேல்தான் பழி போட்டோம்.

பம்ப் எப்படி இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளருக்குச் சொல்லும் பழைய டேட்டாஷீட், இவ்வகை பம்புகளுக்கான ஏபிஐ 610 தரநிலையின் 2010-இல் வந்த 11-ஆம் பதிப்பின்படி போட்டது. 12-ஆம் பதிப்பு 2021-இல் வந்துவிட்டதால், பதிப்பு எண்ணை மட்டும் மாற்றி அனுப்பினேன். மூன்றாம் நாளே பம்ப் தயாரிப்பாளரிடமிருந்து நாற்பதுக்கும் மேல் கேள்விகள். தரநிலையை எடுத்து வைத்து ஒப்பிட்ட பிறகுதான் புரிந்தது. சில பத்திகளின் தொடக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். வாங்குபவர் முடிவு சொல்லவோ கூடுதல் தகவல் தரவோ வேண்டிய இடம் அது. அந்த இடங்களையெல்லாம் நான் காலியாக விட்டிருந்தேன்.

அவற்றை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் உண்மையான கோளாறு தெரிந்தது. பழைய பம்பின் ரேட்டட் ஓட்டம், அதாவது வாங்கும்போது கேட்ட ஓட்டம், மணிக்கு 160 கனமீட்டர். திறன் உச்சம் தொடும் ஓட்டம், அதாவது பிஇபி, 165. ஏட்டளவில் அருமையான தேர்வு. ஆனால் கன்ட்ரோல் ரூமில் ஓராண்டுப் பதிவைப் பார்த்தால் ஓடுவது 96 சுமார். பிஇபியில் 58 சதவீதம்! தரநிலை விரும்பும் இயக்கப் பகுதி 70 முதல் 120 சதவீதம் வரை. பிஇபியை விட்டு இவ்வளவு தள்ளி ஓடினால் உள்ளே சுழலும் சக்கரமான இம்பெல்லரை ஒரு பக்கமாகத் தள்ளும் விசை கூடும், அதைத் தாங்கும் தண்டு (ஷாஃப்ட்) வளையும், சீலின் இரண்டு முகங்களும் ஒட்டி உட்காராது. எதற்கும் இருக்கட்டும் என்று ஆளாளுக்கு ஓட்டத்தின் மேலே மேலே மார்ஜின் சேர்த்ததன் விளைவு இது. பம்ப் வாங்குவதில் இதைவிடப் பெரிய தவறு இல்லை என்பேன்.

மார்ஜினைக் குறைக்க ப்ராசஸ் பிரிவை ஒத்துக்கொள்ள வைக்கவே இரண்டு வாரம் ஆனது. கடைசியில் ரேட்டட் 110, பிஇபி 120 என்று முடிந்தது. ரேட்டட் ஓட்டம் பிஇபியில் 80 முதல் 110 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், இது 92. வழக்கமாக ஓடும் 96-ம் 80 சதவீதத்தில் வந்து நின்றது.

தண்ணீர் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட்டில் பிரச்சினை இல்லை. அப்புறம் ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு நேரில் போனேன். 95 கனமீட்டரில் பேரிங் ஹவுசிங் (தண்டைத் தாங்கும் பேரிங்குகளின் கூடு) அதிர்வு விநாடிக்கு 3.3 மில்லிமீட்டர் காட்டியது. விரும்பும் பகுதிக்குள் வரம்பு 3.0, அதற்கு வெளியே, அனுமதிக்கும் பகுதியில்தான் 30 சதவீதம் வரை கூடலாம். "கொஞ்சம்தானே சார்" என்றார்கள். வழக்கமாக ஓடப்போவதே அந்த இடத்தில்தான் என்பதால் கையெழுத்துப் போட மறுத்தேன். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றி, இரண்டும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று அலைன்மென்ட் பார்த்தால், மோட்டாரின் ஒரு காலடியில் ஷிம் என்னும் மெல்லிய தகடு சரியாக உட்காரவில்லை. சரிசெய்து மறுபடி ஓட்டியதும் 2.1-க்கு இறங்கியது.

பம்ப் வந்து பொருத்தியாயிற்று. இப்போது அதே யூனிட்டில் இருக்கும் மற்ற பம்புகளின் ஓட்டப் பதிவுகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பார்த்த ஆறில் இரண்டு, பிஇபியில் 60 சதவீதத்துக்கும் கீழே ஓடுகின்றன.