மாநிலங்களவையில் பிறந்ததால் பிழைத்த மசோதா

பள்ளிக்கூடக் குடிமையியல் பாடத்தில் மசோதா சட்டமாகும் கதை அரைப் பக்கம்தான். அறிமுகம், மூன்று வாசிப்புகள், அடுத்த அவை, குடியரசுத் தலைவரின் கையெழுத்து. நானும் அதை மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதினேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் மசோதாவைச் சென்னையில் இருந்தபடியே பின்தொடர்ந்தபோதுதான், அந்த அரைப் பக்கம் எதையெல்லாம் விட்டுவிட்டது என்று தெரிந்தது. 2014 பிப்ரவரியில் அறிமுகமான மசோதா 2016 டிசம்பரில் நிறைவேறியது. நடுவில் ஆட்சியே மாறியது. வேறு ஏதாவது மசோதாவை நம்பிக் காத்திருப்பவர்களுக்கு உதவலாம் என்பதால் எழுதுகிறேன்.

எனக்குச் சிறு வயதில் போலியோ. வலது காலில் காலிப்பர், கையில் ஊன்றுகோல், ஒரு வங்கிக் கிளையில் வேலை. மேற்கு மாம்பலத்தில் ஒரு நண்பர் வீட்டு முன்னறையில் அவ்வப்போது கூடும் சிறு குழு எங்களுடையது. பார்வையற்ற ஆசிரியர் ஒருவர், தலசீமியா என்ற ரத்தக் குறைபாடு உள்ள மகனின் தாய் ஒருவர், காது கேளாத அச்சக ஊழியர் ஒருவர், இளம் வழக்கறிஞர் ஒருவர். பெயர்ப்பலகை கிடையாது, லெட்டர்பேடு கிடையாது. காபி செலவு வீட்டுக்காரருடையது.

அப்போது நடைமுறையில் இருந்தது 1995ஆம் ஆண்டுச் சட்டம். அது ஏற்றுக்கொண்டது ஏழு வகை ஊனங்களை மட்டுமே. மாதந்தோறும் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு அதில் இடமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்று உறுதி செய்திருந்ததால், சட்டத்தையும் அதற்கேற்ப மாற்றியாக வேண்டியிருந்தது. மத்திய அரசு அமைத்த, சுதா கௌல் தலைமையிலான குழு 2011இல் வரைவு ஒன்றைக் கொடுத்தது. அதன் பிறகு அது அமைச்சகங்களுக்கு இடையே பயணம் செய்து மெலிந்துகொண்டே வந்ததாக டெல்லி நண்பர்கள் சொல்வார்கள்.

2014 பிப்ரவரி 7 அன்று அப்போதைய சமூக நீதி அமைச்சர் மல்லிகார்ஜுன கார்கே மாநிலங்களவையில் மசோதாவை அறிமுகம் செய்தார். பதினைந்தாவது மக்களவையின் கடைசிக் கூட்டத்தொடர் அது. தெலங்கானா விவகாரத்தில் இரு அவைகளும் அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தன. மசோதா நிறைவேற வழியில்லை என்பது எங்களுக்கே தெரிந்தது. தேர்தல் வந்தால் எல்லாம் போய்விடுமே என்று புலம்பிக்கொண்டிருந்தபோது, தலைமைச் செயலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், வீட்டுக்காரருக்கு உறவினர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எந்த அவையில் வைத்தார்கள் அம்மா?”

“மாநிலங்களவையில், ஐயா.”

“அப்படியானால் பயப்படாதே. மக்களவைதான் கலையும். அது கலையாது.”

அரசியலமைப்பின் 107ஆவது உறுப்பைப் பிறகு நானே எடுத்துப் படித்தேன். மக்களவை கலைக்கப்படும்போது, அங்கே நிலுவையில் இருக்கும் மசோதாக்களும், அங்கே நிறைவேறி மாநிலங்களவையில் நிற்பவையும் காலாவதியாகிவிடும். மாநிலங்களவையில் அறிமுகமாகி, மக்களவை இன்னும் நிறைவேற்றாமல் மாநிலங்களவையிலேயே இருப்பது மட்டும் பிழைத்துக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெண்கள் இடஒதுக்கீட்டு மசோதாவும் 2008இல் மாநிலங்களவையில்தான் அறிமுகமானது. 2010 மார்ச் 9 அன்று அங்கே நிறைவேறி மக்களவைக்குப் போனது. ஒரு படி முன்னேறியதாலேயே 2014இல் அது செத்தது. எங்களுடையது முதல் படியிலேயே நின்றதால் பிழைத்தது.

பிப்ரவரி இறுதியில் இதை அவசரச் சட்டமாகக் கொண்டுவரப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்து அடங்கியது. எங்கள் குழுவுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி. வந்தவரை லாபம் என்றார் தலசீமியா பையனின் தாய். அரைகுறைச் சட்டம் வந்துவிட்டால் இன்னும் இருபது வருடம் அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றார் ஆசிரியர். நான் ஆசிரியர் பக்கம் இருந்தேன்.

புதிய அரசு வந்த பிறகு, 2014 செப்டம்பரில் மசோதா சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. ரமேஷ் பைஸ் குழுவின் தலைவர். இப்படித் துறைவாரியாக 24 குழுக்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். இவர்கள் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். அரசு அதை ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் நான் உறுதியாகச் சொல்வேன்: ஒரு மசோதாவின் பாதையில் நம்மைப் போன்றவர்களுக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு இதுதான். மற்ற இடங்களில் எல்லாம் பார்வையாளர் மாடம் மட்டுமே. அதற்கும் பாஸ் வாங்க வேண்டும்.

குழு, பொதுமக்களின் கருத்துகளைக் கேட்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுக்கும். கெடு குறுகியதாகத்தான் இருக்கும். கோரிக்கை மனு எழுதிப் பழகிய கைகள் எங்களுடையவை. “மாண்புமிகு” என்று தொடங்கி, எங்கள் துயரங்களை வரிசையாகச் சொல்லி, “ஆவன செய்யுமாறு” என்று முடித்திருந்தோம். செயலகப் பெரியவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். “இதைப் படித்து அழுவார்கள் அம்மா. ஆனால் எந்த வரியை அடிக்க வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்று இதில் எங்கே இருக்கிறது?” என்றார். அவர் சொன்னபடி தாளில் நான்கு கட்டங்கள் போட்டோம். பிரிவு எண், இப்போதுள்ள வாசகம், நாங்கள் கேட்கும் வாசகம், காரணம். காரணம் மூன்று வரியைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதற்கு மசோதாவை வரி வரியாகப் படித்தாக வேண்டும். எங்கள் கைக்கு வந்தது ஸ்கேன் செய்த நகல். ஆசிரியரின் கணினியில் இருந்த திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது வெறும் படம். ஆகவே நான் உரக்கப் படிக்க, வழக்கறிஞர் பொருள் சொல்ல, அச்சக நண்பருக்கு அவர் மனைவி சைகையில் எடுத்துச் சொன்னார். மூன்றாவது பிரிவில் ஓர் இடம் வந்தது. ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்று தொடங்கிய வாசகம், நியாயமான நோக்கம் ஒன்றை அடைவதற்கு அந்தச் செயல் அளவான வழிதான் என்று காட்டினால் தவிர, என்று முடிந்தது. ஆசிரியர் கையைத் தூக்கினார். “மறுபடி படியுங்கள்.” படித்தேன். “இன்னொரு முறை.” படித்தேன். “நியாயமான நோக்கம் என்று யார் காட்டுவார்கள்? பாகுபாடு செய்தவரே காட்டுவாரா?” என்று கேட்டார். மாடியில் இருக்கும் கிளைக்கு என்னை மாற்றினால், அதற்கும் ஒரு நியாயமான நோக்கத்தை என் நிர்வாகம் அரைப் பக்கத்தில் எழுதித் தந்துவிடும். அன்று மாலை முழுவதும் அந்த ஒற்றை வாசகத்திலேயே போயிற்று.

எங்கள் குறிப்பு நாடாளுமன்ற இணைப்புக் கட்டடத்தில் உள்ள மக்களவைச் செயலக முகவரிக்குப் பதிவுத் தபாலில் போனது. அதில் கேட்டவை எல்லாவற்றையும் இங்கே சொல்லப்போவதில்லை. குழுவுக்கு அனுப்பும் குறிப்பு குழுவின் ஆவணமாகிவிடும், அதை வெளியிடுவது அவை உரிமை மீறல் என்று விளம்பரத்திலேயே எச்சரிக்கை இருக்கும். பலருக்கு இது தெரியாது. அனுப்பிய கையோடு நகலை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டுவிடுகிறார்கள்.

குழுவின் அறிக்கை 2015 மே 7 அன்று வந்தது. அதன் பின்னர் சத்தமே இல்லை. ஒவ்வொரு கூட்டத்தொடர் தொடங்கும்போதும், எடுத்துக்கொள்ளப்படும் மசோதாக்களின் பட்டியலைப் பார்ப்பேன். மறுநாள் அலுவல் பட்டியல் முந்தைய மாலையே இணையத்தில் வந்துவிடும். அதைப் பார்ப்பது எனக்கு ராசிபலன் பார்ப்பது போன்ற பழக்கமாகிவிட்டது. பட்டியலில் பெயர் வருவதற்கும் அவையில் எடுத்துக்கொள்ளப்படுவதற்கும் சம்பந்தம் குறைவு என்பதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். அவையின் மையப்பகுதியில் உறுப்பினர்களின் முழக்கம் எழுந்தால் அன்றைய அலுவல் அவ்வளவுதான். அதற்கிடையே 2015 டிசம்பர் வெள்ளம் வந்து எங்கள் கவனம் முழுவதும் நிவாரணத்தின் பக்கம் போய்விட்டது.

2016 குளிர்காலக் கூட்டத்தொடர் நவம்பர் 16 முதல் டிசம்பர் 16 வரை. பணமதிப்பிழப்பைச் சொல்லி இரு அவைகளும் நாள்தோறும் ஒத்திவைக்கப்பட்டன. நான் அப்போது கவுன்டரில் பழைய ஐந்நூறு ரூபாய்க் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மசோதா பற்றிய நினைப்பே இல்லை. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரங்கள் பாதி ஊமை. விழுந்து கிடந்த வேப்பமரத்தைச் சுற்றி ஊன்றுகோலுடன் போக வழியில்லாமல் வீட்டோடு இருந்தேன். டிசம்பர் 14 அன்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு தோழி திரும்பத் திரும்ப அழைத்து, ஒருவழியாக இணைப்பு கிடைத்து, “உங்கள் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறிவிட்டது” என்றாள். நாடே தொலைக்காட்சியில் பார்த்திருக்கக்கூடிய ஒன்றை நான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கேள்விப்பட்டேன்.

என்ன வடிவில் நிறைவேறியது என்பது மின்சாரம் வந்த பிறகே தெரிந்தது. அமைச்சர் தாவர் சந்த் கெலாட் நூற்றுக்கும் மேற்பட்ட அரசுத் திருத்தங்களைக் கொண்டுவந்திருந்தார். திருத்தங்கள் இப்படிக் குவிந்தால் மசோதாவின் பழைய நகலை வைத்துக்கொண்டு எதையும் பேச முடியாது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஊன வகைகள் 19லிருந்து 21 ஆகியிருந்தன. அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்க்கின்சன் நோயாளிகளும் சேர்ந்தார்கள். இது நல்ல சேதி. ஆனால் அரசு வேலை இடஒதுக்கீடு, 2014 மசோதாவில் 5 சதவீதமாக இருந்தது, 4 ஆகியிருந்தது. தேசிய ஆணையம் என்று எழுதியிருந்த இடத்தில் பழையபடி தலைமை ஆணையரே வந்திருந்தார். சட்டத்தை மீறினால் சிறை என்றிருந்த பொதுத் தண்டனை, முதல் தவறுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று சுருங்கியிருந்தது. மூன்றாம் பிரிவின் அந்த “தவிர” அப்படியே இருந்தது.

மக்களவையில் சரிசெய்யலாமே என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். அவர் நாள்காட்டியைப் பார்க்கச் சொன்னார். மக்களவை எடுத்துக்கொள்ளப்போவது டிசம்பர் 16, கூட்டத்தொடரின் கடைசி நாள். அங்கே ஒரு வார்த்தை மாறினாலும் மசோதா மாநிலங்களவைக்குத் திரும்பிப் போய் அதன் சம்மதத்தைப் பெற வேண்டும். அதாவது அடுத்த கூட்டத்தொடர். ஆகவே 16ஆம் தேதி விவாதத்தில் யார் என்ன பேசினாலும் வாசகம் நகராது என்பது பேசுவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. அப்படியே நடந்தது. பிரிவுவாரியாகக் குரல் வாக்கெடுப்பு நடந்தது. முதல் பிரிவும் சட்டத்தின் பெயரும் எப்போதும் கடைசியில்தான் வாக்கெடுப்புக்கு வரும். கட்சி பேதமில்லாமல் அனைவரும் ஆதரித்தார்கள். அந்த ஒற்றுமையை நான் குறை சொல்லவில்லை. அடிக்கு அடி கேள்வி கேட்கும் ஓர் எதிர்ப்பாவது இருந்திருக்கலாம் என்று மட்டும் தோன்றுகிறது.

டிசம்பர் 27 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல், 28 அன்று அரசிதழ். 2016ஆம் ஆண்டின் 49ஆவது சட்டம். தலசீமியா பையனின் தாய் இனிப்பு வாங்கி வந்தார். வழக்கறிஞர் மெல்ல 34ஆவது பிரிவைக் காட்டினார். வேலை இடஒதுக்கீட்டுக்குரிய பட்டியலில் தலசீமியா இல்லை. 32ஆவது பிரிவின்படி உயர்கல்வியில் உள்ள 5 சதவீதத்தில் மட்டும், சான்றிதழில் ஊனம் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், பையனுக்கு வாய்ப்பு உண்டு. அந்தத் தாய் இனிப்புப் பெட்டியை மூடவில்லை. “படிக்க வைத்துவிடுகிறேன், பிறகு வேலையைப் பார்த்துக்கொள்ளலாம்” என்றார்.

ஒப்புதல் கிடைத்த மறுநாளே சட்டம் அமலுக்கு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். மத்திய அரசு அறிவிக்கும் நாளில் அமலுக்கு வரும் என்று சட்டத்திலேயே இருந்தது. அந்த நாள் 2017 ஏப்ரல் 19. மத்திய விதிகள் ஜூன் 15 அன்று வெளியாயின. அது வரை, கையில் சட்டம் இருந்தும், எந்தப் படிவத்தில் யாரிடம் விண்ணப்பிப்பது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. எனக்குத் தெரிந்து பலர் அந்த மாதங்களில் அலைந்து திரும்பினார்கள்.

இதற்கு மேல் மாநில விதிகள். 101ஆவது பிரிவின்படி சட்டம் அமலுக்கு வந்த ஆறு மாதத்துக்குள் மாநில அரசு விதிகளை வகுக்க வேண்டும், அதுவும் வரைவை முன்கூட்டியே வெளியிட்ட பிறகு. தமிழ்நாட்டு விதிகள் 2018இல் வந்தன. வரைவுக் கட்டத்தில் மறுபடியும் நான்கு கட்டம் போட்டுக் குறிப்பு எழுதினோம். இந்த முறை தபாலை நம்பவில்லை. செயலகப் பெரியவரையே கூட்டிக்கொண்டு கோட்டைக்கு நேரில் போய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வந்தோம். அவர் வாசலிலேயே சொல்லிவிட்டார், முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்று. முதல் முத்திரை மங்கலாக இருந்தது. இன்னொன்று போடச் சொன்னோம்.