ஐசில இருக்குற ஸ்லாஷ், கிட்ல இல்லாத ஸ்லாஷ்

ரெண்டு நாளா மண்ட காஞ்சு போச்சு. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல மாமா கடை வெப்சைட்ட நான்தான் பாத்துக்குறேன், மெனு மாறுனா தானா கிட்ல (ஃபைல்ல நடக்குற மாத்தத்தையெல்லாம் சேத்து வைக்குற மென்பொருள்) கமிட் ஆகட்டும்னு, அதாவது பதிவாகட்டும்னு பைத்தான்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, கிட் கமாண்டயே கூப்பிடாம ட்ரீ ஆப்ஜெக்ட்ட (ஒரு ஃபோல்டர்ல என்னென்ன இருக்குன்னு கிட் வச்சிருக்குற பட்டியல்) நானே நேரா எழுதுற மாதிரி பண்ணி வச்சிருந்தேன் (வேண்டாத வேலதான், ஒத்துக்குறேன்). மாசக்கணக்கா ஓடுச்சு. போன வாரம் லேப்டாப்ல கையால போட்ட கமிட்டையும் ஸ்கிரிப்ட் போட்டதையும் டிஃப்-ட்ரீல (ரெண்டு ட்ரீக்கும் என்ன வித்தியாசம்னு காட்டுற கிட் கமாண்ட்) வச்சுப் பாத்தா, நான் தொடாத ஃபைல டிலீட்டுங்குது, கீழயே அதே ஃபைல் புதுசா வந்துருக்குங்குது. எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு சோதிக்குற எஃப்எஸ்செக் ஓட்டுனா ட்ரீ ஒழுங்கா சார்ட் ஆகலன்னு திட்டு.

நான் சார்ட் பண்ணித்தானே எழுதுறேன்?!

உள்ள இருந்தது மூணே மூணு: மெனு-ன்னு ஒரு ஃபோல்டர், அப்புறம் மெனு-பழசு, மெனு.டெக்ஸ்ட் ரெண்டும் ஃபைலு. பைத்தான் சின்ன பேர்னு ஃபோல்டர முதல்ல வச்சிருச்சு. கிட் அத கடைசில தேடுது. ஏன்னா ட்ரீல ஃபோல்டர் பேர ஒப்பிடும்போது பின்னாடி ஒரு ஸ்லாஷ் இருக்குற மாதிரியே கிட் நெனச்சுக்கும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் வச்சிருக்குற நம்பர்ல ஹைஃபன் 45, புள்ளி 46, ஸ்லாஷ் 47, அவ்ளோதான் கத. அந்த ஸ்லாஷ் எங்கயும் எழுதி இருக்காது, 40000-ங்குற மோட (எந்த வகைன்னு சொல்ற எண்) பாத்துதான் இது ஃபோல்டர்னே தெரியும். மெனு2-ன்னு வச்சிருந்தா மாட்டிருக்கவே மாட்டேன், நம்பர்லாம் 48-லதான் ஆரம்பிக்குது. நம்ம மலேசியாவுல ஐசி (அடையாள அட்டை) பேர்லயே ஏ/எல் (இன்னார் மகன்), ஏ/பி (இன்னார் மகள்) இருக்கும், ஆன்லைன் ஃபார்ம்ல அடிச்சா இந்த எழுத்து செல்லாதுன்னு துப்பும். அங்க இருக்குற ஸ்லாஷால தொல்ல, இங்க இல்லாத ஸ்லாஷால!

கிட் இப்படி நெனைக்குறதுக்கு காரணம் இண்டெக்ஸ்தான் (அடுத்த கமிட்ல போகப்போற ஃபைல் பட்டியல்). இண்டெக்ஸ்ல பொதுவா ஃபோல்டர்னு தனியா எதுவும் கெடயாது, மெனு/மதியம்னு முழு பாதையும் ஒரே வரி, பைட் பைட்டா ஒப்பிட்டு அடுக்கி இருக்கும். ட்ரீயும் அதே வரிசைல இருந்தாதான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே ஓட்டமா, திரும்பிப் பாக்காம நடந்து போக முடியும்.

ஆனா உண்மையான தலவலி மெர்ஜ்லதான் (தனித்தனியா வளந்த ரெண்டு பிராஞ்ச, அதாவது கிளைய, ஒண்ணு சேக்குறது). ஒரு பிராஞ்ச்ல மெனு ஒரு ஃபைலு, இன்னொண்ணுல மெனு ஃபோல்டரு. ஒரே பேரு, ஆனா ஃபைல் முன்னாடி நிக்குது, ஃபோல்டர் பின்னாடி நிக்குது, நடுவுல மெனு.டெக்ஸ்ட் வந்து குந்திக்குது. மோதல கண்டுபிடிக்கணும்னா ரெண்டும் ஒண்ணா கைக்கு வரணும். அதுக்குன்னே கிட் சோர்ஸ்ல டிஎஃப் நேம் கம்பேர்னு தனி ஃபங்ஷன் வச்சிருக்காங்க, பேர் ஒண்ணா இருந்தா ஃபைலும் ஃபோல்டரும் சமம்னு சொல்லிரும். அதுலயும் பாருங்க, ஃபைல் மெனு, மெனு.டெக்ஸ்டுக்கு சின்னது, ஃபோல்டர் மெனு அதவிட பெருசு, ஆனா அது ரெண்டும் தங்களுக்குள்ள சமமாம்! மேல கமெண்ட்லயே இத ஒளிக்காம எழுதி வச்சிருக்காங்க. மாமாக் கடைல தே ஓ பிங் (பால் இல்லாத ஐஸ் டீ) ஆறிப்போ— இல்ல, ஐஸ் கரஞ்சு தண்ணியாகுற வரைக்கும் அந்த கமெண்டயே பாத்துக்கிட்டு இருந்தேன் லா.

திருத்துனது ஒரே வரி, ஃபோல்டரா இருந்தா ஸ்லாஷ் ஒட்டி சார்ட் பண்ணு, எழுதும்போது ஒட்டாத. ஆனா வரிச மாறுனா ட்ரீயோட ஹாஷும் (உள்ள இருக்குறத வச்சு கணக்கு போட்டு வர்ற அடையாள எண்) மாறும், ஹாஷ் மாறுனா அதுக்கு மேல இருக்குற கமிட் அத்தனையும் மாறும். இன்னிக்கி ராத்திரி உக்காந்து பழைய கமிட்டெல்லாம் திரும்ப எழுதணும், மாமாகிட்ட இன்னும் சொல்லல.