பழைய கொடுப்பனவிலிருந்து மாறிய கதை

2024 நவம்பரில் அந்தக் கடிதம் வந்தது. இங்கிலாந்தில் நானும் என் கணவரும் பத்து வருடங்களாக வாங்கிவந்த இ.எஸ்.ஏ. (நோயாலோ இயலாமையாலோ வேலை செய்ய முடியாதவர்களுக்கான) கொடுப்பனவு நிறுத்தப்படுகிறதாம், மூன்று மாதத்திற்குள், பல பழைய உதவிகளை ஒன்றாக்கிய யூனிவர்சல் கிரெடிட் என்ற புதிய கொடுப்பனவுக்கு நாங்களே விண்ணப்பிக்க வேண்டுமாம். தானாக மாற்றித் தர மாட்டார்கள். கடைசித் தேதியைப் பெரிதாக எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

எங்களுக்கு இருந்த பயம் ஒன்றுதான். இயலாமையால் வரும் கூடுதல் செலவுகளுக்கான 'பிப்' கொடுப்பனவை இருவரும் பெறுகிறோம். எங்களைப் பராமரிப்பதற்காக வேறு யாரும் உதவித்தொகை எடுக்கவில்லை. அதனால் பழைய முறையில், கடுமையான இயலாமைக்கான மேலதிகக் கொடுப்பனவு தம்பதிக்குரிய இரட்டை வீதத்தில் கிடைத்துவந்தது. அதைக் குறைத்துவிடக் கூடாது என்பதற்காகவே மகளைப் பராமரிப்பாளர் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கவிடாமல் வைத்திருந்தோம். யூனிவர்சல் கிரெடிட்டில் அப்படி ஒரு மேலதிகத் தொகையே கிடையாது. கடிதத்தில் சொன்ன தேதிக்குள் விண்ணப்பித்தால், குறையும் பணத்தை 'இடைமாற்றுத் தொகை' என்ற பெயரில் ஈடுகட்டுவார்கள். தேதியைத் தவறவிட்டால் அந்தப் பாதுகாப்பே போய்விடலாம்.

ஜனவரியில் கணனிக்கு முன் உட்கார்ந்தோம். கணவருக்குப் பார்வை மிகக் குறைவு. எனக்கு முடக்குவாதத்தால் விரல்கள் விரியாது. நான் திரையைப் படிக்க, அவர் விசைகளைத் தடவித் தட்டினார். "பி-யா, டி-யா?" என்று மின்னஞ்சல் முகவரிக்கே மூன்று முறை கேட்டார். தம்பதி என்றாலும் ஆளுக்கொரு கணக்குத் திறக்க வேண்டும். முதல் கணக்கில் கிடைக்கும் குறியீட்டை இரண்டாவதில் போட்டால்தான் இரண்டும் இணையும். அதற்குள் திரை எங்களை இரண்டு தடவை வெளியே தள்ளிவிட்டது. தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

முதல் பணம் வர ஐந்து வாரம். முன்பணம் கேட்கலாம், ஆனால் அது கடன், மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். நாங்கள் கேட்கவில்லை. பழைய இ.எஸ்.ஏ.யும் வாடகை உதவியும் இரண்டு வாரம் தொடர்ந்து வந்தன. அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. பிப் இந்த மாற்றத்தில் சேராது என்பதால் அதுவும் வந்தது.

கவுன்சில் வரிச் (நகரசபைக்குக் கட்டும் வீட்டு வரி) சலுகைக்குத் தனியாக நகரசபையில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மகள் சொல்லித்தான் அறிந்தோம். இதில் ஏமாறியவர்கள் பலர் என்பது என் அனுமானம்.

பிப்ரவரியில் முதல் கொடுப்பனவின் கணக்கு விவரம் வந்தது. அடிப்படைத் தொகை, வாடகை, இயலாமைக்கான தொகை எல்லாம் இருந்தன. (இருவரும் இயலாதவர்களானாலும் இயலாமைக்கான தொகை தம்பதிக்கு ஒன்றுதான்.) இடைமாற்றுத் தொகையை மட்டும் காணவில்லை. தொலைபேசியில் பேசியவர், "எல்லாம் சரியாக இருக்கிறது அம்மா" என்றார். நான் விடவில்லை. பழைய கொடுப்பனவுக் கடிதத்திலிருந்த தொகையைக் குறிப்பிட்டு, யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் அவர்களுக்குச் செய்தி எழுதும் இணையக் குறிப்பேட்டில் நாலே வரி எழுதினேன். பேசினால் காற்றோடு போகும். எழுதினால் தேதியோடு நிற்கும். பன்னிரண்டாம் நாள் நிலுவையோடு பணம் வந்தது.

ஏப்ரலில் வருடாந்தர உயர்வு வந்தபின் கணக்கைத் திறந்து கணவருக்குப் படித்துக் காட்டினேன். அடிப்படைத் தொகை கூடியிருந்தது. கூடிய அளவுக்கு இடைமாற்றுத் தொகை குறைந்திருந்தது. விதியே அப்படித்தான்.

"அப்படியென்றால் மொத்தம்?" என்று கேட்டார்.

"போன மாதத்துத் தொகைதான்" என்றேன்.