சோழியின் 18 நகங்கள்

அப்பா வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார், ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க. ஷேவ் செய்யும்போது சின்னதாக வெட்டினால்கூட பஞ்சை அழுத்திக்கொண்டு கால் மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர் மடியில்தான் எங்கள் பூனை சோழி தினமும் மதியம் தூங்கும்.

அன்றைக்கும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. வாசல் மணி அடித்ததும் திடுக்கிட்டு எழுந்து ஒரே தாவலில் அலமாரி மேல் போய்விட்டது. அப்பா "ஸ்ஸ்" என்றார், அவ்வளவுதான். நான் வந்து பார்த்தபோது அவருடைய பைஜாமாவில் ரத்தம் பரவிக்கொண்டிருந்தது. இரண்டு தொடையிலும் கோடு கோடாகக் கீறல்கள். சோப்புப் போட்டுக் கழுவி, துணியை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ரத்தம் நிற்க நாற்பது நிமிடம் ஆனது. அலமாரி மேலிருந்து சோழி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நகத்தை எடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். நகம்தானே, நமக்கு வெட்டினால் வலிக்கிறதா என்ன என்றுதான் நினைத்தேன். மறுநாள் ஒரு மருத்துவமனைக்குப் போன் செய்தேன். முன்னங்கால் இரண்டிலும் எடுத்துவிடலாம், இரண்டு நாளில் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார்கள். பூனைக்கு என்ன வயது என்பதைத் தவிர ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த வாரத்துக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

அதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருந்ததால், சோழிக்கு வழக்கமாகத் தடுப்பூசி போடும் டாக்டரிடம் போனேன். அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எந்தக் காலால கீறுச்சு?"

எனக்குத் தெரியவில்லை. யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

"மடியிலேர்ந்து தாவுனப்பன்னு சொல்றீங்க. பூனை பின்னங்காலை ஊன்றித்தான் எம்பும். தொடையில கோடு விழுந்திருக்குன்னா அது பின்னங்கால் நகம். நீங்க எடுக்கச் சொல்றது முன்னங்கால் நகத்தை."

அப்பாவுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. சோழியின் பத்து விரல்களை எடுத்துவிட்டு வந்த பிறகும், அடுத்த முறை மணி அடித்தால் அப்பாவின் தொடை கிழிந்துதான் இருக்கும்.

விரல் என்றுதான் சொல்கிறேன், நகம் என்று இல்லை. டாக்டர் ஒரு பூனையின் முன்னங்கால் எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பும் கிளி மூக்கு மாதிரி வளைந்திருந்தது. அந்த எலும்பின் முனை மேலேயே, தைக்கும்போது விரலில் மாட்டுகிற அங்குஸ்தான் மாதிரி நகம் உட்கார்ந்திருக்கிறது. நகமும் சதையும் போல என்று நாம் சொல்வோம். பூனைக்கு நகமும் எலும்பும். எலும்பை விட்டு வைத்தால் நகம் திரும்ப முளைக்கும். அதனால் அந்தக் கடைசி எலும்பையே மூட்டோடு வெட்டி எடுக்கிறார்கள். இரண்டு முன்னங்காலுக்கும் சேர்த்துப் பத்து எலும்பு. கத்தியில் செய்தாலும் லேசரில் செய்தாலும் போவது அதே பத்துதான்.

பூனை குதிகாலைத் தரையில் வைப்பதில்லை. விரல்களை ஊன்றியே நடக்கிறது. அந்த விரல்களின் நுனி போய்விட்டால் உடம்பின் பாரம் தப்பான இடத்தில் விழும், முதுகுவலி வரலாம். மணலைத் தோண்டும்போது வலித்தால், லிட்டர் பாக்ஸ் என்கிற மணல் பெட்டிக்குப் போகாமல் கட்டிலிலும் துணியிலும் மலஜலம் கழிக்கும். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 274 பூனைகளைப் பார்த்திருக்கிறார்கள். பாதி நகம் எடுத்தவை, பாதி எடுக்காதவை. நகம் எடுத்தவற்றில் 63 சதவீதத்துக்கு எலும்புத் துண்டு உள்ளேயே தங்கியிருந்தது. முதுகுவலி, கண்ட இடத்தில் சிறுநீர், கடிப்பது எல்லாமே நகம் எடுத்தவற்றில்தான் அதிகம்.

கடிப்பது என்றதும் எனக்கு உள்ளே ஏதோ செய்தது. நகம் இல்லாத பூனை பயந்தால் வாயைத்தான் கொண்டு வரும். கீறல் மேல்தோலோடு போகும். கடி ஊசி மாதிரி ஆழமாக இறங்கி, மேலே மூடிக்கொண்டு, உள்ளே சீழ் பிடிக்கும். அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அவரை இதற்கு அல்லவா தள்ளிவிடப் பார்த்தேன்!

விரலை விட்டுவிட்டுத் தசைநாரை மட்டும் வெட்டலாமாமே என்றும் கேட்டேன். அப்படிச் செய்தால் நகம் இருக்கும், பூனையால் அதை வெளியே நீட்ட முடியாது, பிறாண்ட முடியாது. ஆனால் பிறாண்டாத நகம் தடித்து வளைந்து உள்ளங்காலிலேயே குத்தும், ஆயுள் முழுக்க நாம்தான் வெட்டிவிட வேண்டும் என்றார் டாக்டர். வெட்டத்தான் வேண்டும் என்றால் இப்போதே வெட்டலாமே.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின்படி, மருத்துவக் காரணம் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. இது சர்வசாதாரணமாக நடந்துவந்த அமெரிக்காவிலும் 2019இல் நியூயார்க் முதல் மாநிலமாகத் தடை செய்தது. நான் போன் செய்த இடத்தில் இதை எல்லாம் யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எக்ஸ்ரே விஷயத்தைச் சொன்னேன். அப்பா நாற்பது வருடம் தையல்காரராக இருந்தவர். வலது ஆள்காட்டி விரலை மடக்கி, மீதி இருந்த பாதி விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நுனி இல்லாம நான் எப்படிம்மா ஊசி கோத்திருப்பேன்?" என்றார். நான் போனை எடுத்துத் தேதியை ரத்து செய்தேன்.

அப்புறம் நகம் வெட்டப் பழகினோம். முதலில் நான்தான் வெட்டினேன், இரண்டாவது நகத்திலேயே ரத்தம் வந்துவிட்டது. பூனை நகத்துக்குள் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். அதில் ரத்தமும் நரம்பும் ஓடுகிறது, அதைத் தொடவே கூடாது. அந்த வளைந்த கண்ணாடி போன்ற முனையை மட்டும் எடுத்தால் போதும். சோளமாவைத் தொட்டு வைத்து ரத்தத்தை நிறுத்தினேன். அதற்குப் பிறகு என் கையில் நகவெட்டியைப் பார்த்தாலே சோழி கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

அப்பா என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் அவர் வெட்டவே இல்லை. தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது பாதத்தைப் பிடித்து, மெத்தென்ற அடிப்பக்கத்தை மெதுவாக அழுத்தி, நகம் வெளியே வருவதைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். அடுத்த வாரம் ஒரு நகம். அப்புறம் மூன்று. துணியில் நூல் பிரிக்கும் கை அது, அவசரமே படாது. முன்னங்காலில் ஐந்தைந்து, பின்னங்காலில் நான்கு நான்கு, மொத்தம் 18. முன்னங்காலில் உள்பக்கமாக மேலே ஒட்டியிருக்கும் கட்டைவிரல் நகத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அது தரையைத் தொடாததால் தேயாது. அப்பா எப்போதும் அதில்தான் ஆரம்பிப்பார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை.

பிறாண்டுவதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. பழைய நகத்தின் மேலோடு கழல்வது அப்படித்தான். சோபா இடுக்கில் பிறை நிலா மாதிரி சின்னச் சின்னத் தோடுகள் கிடக்கும். நகம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்று முதலில் பயந்திருக்கிறேன். விரலிடுக்கில் இருக்கும் சுரப்பியின் வாசனையை விட்டுப்போவதும் பிறாண்டித்தான். தூங்கி எழுந்ததும் சோம்பல் முறிக்க அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். பிறாண்டுவதற்கென்று நாங்கள் முதலில் வாங்கிய கட்டை குட்டையானது, சாய்த்தால் ஆடும். சோழி அதை ஒரு தடவை தொட்டுவிட்டு மறுபடி சோபாவுக்கே போய்விட்டது. அப்புறம் மூன்றடிக் கட்டையில் முரட்டுக் கயிறைச் சுற்றி, கனமான பலகையில் அறைந்து, அது தூங்கும் மூலைக்குப் பக்கத்திலேயே வைத்தோம். சோபாவின் கைப்பிடியில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். மூன்று வாரத்தில் இடம் மாறியது. நகத்தின் மேல் ஒட்டும் ரப்பர் உறைகளையும் முயன்றோம். சில பூனைகளுக்கு ஒரு மாதத்துக்கு மேல்கூட நிற்குமாம். சோழி இரண்டே நாளில் கடித்துப் போட்டுவிட்டது.

அப்பாவின் மடிக்கு அவரே ஒன்று தைத்துக்கொண்டார். பழைய ஜீன்ஸ் துணி இரண்டு அடுக்கு, நடுவில் பஞ்சு, குறுக்கும் நெடுக்குமாகத் தையல். அதை விரித்துப் போட்ட பிறகுதான் சோழிக்கு இடம். நடுவில் இரண்டு முறை திடுக்கிட்டு ஓடியிருக்கிறது. துணியில் நூல் இழுத்திருக்கிறது, தோல் வரை வரவில்லை. வாசல் மணியின் சத்தத்தையும் குறைத்துவிட்டேன். தெள்ளுப்பூச்சி மருந்தைத் தவறவிடுவதில்லை, பூனைக் கீறலில் வரும் காய்ச்சலுக்கான கிருமி பூனைக்குப் பூனை பரவுவதே தெள்ளு வழியாகத்தான்.

நேற்று மாலை அப்பா நகம் வெட்ட உட்கார்ந்தார். இரண்டு முன்னங்காலும் முடிந்து பின்னங்காலில் ஒன்று வெட்டியதும் சோழி எழுந்து, முதுகை வளைத்து, கயிற்றுக் கட்டையில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டது. பாக்கி ஏழு. அப்பா நகவெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அது திரும்பி வரட்டும் என்று மடித்துணியை விரித்தபடியே உட்கார்ந்திருந்தார்.